நார்ஃபோக் பிராட்ஸ்: ஒரு நீர்க்கரை நாட்குறிப்பு

மே 26, ரேன்வொர்த்

கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் உள்ள ரேன்வொர்த் புனித ஹெலன் தேவாலயத்தின் கோபுர உச்சியை அடைய, 89 குறுகலான கற்படிகளில் ஏறி, அவற்றுக்கு மேல் இரண்டு ஏணிகளையும் ஒரு பலகைக் கதவையும் கடக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ப்யூர் ஆறு வளைந்து செல்வதும், அதை ஒட்டி ஏரிகள் ஒளிர்வதும், இடையே நாணலும் ஆல்டர் மரக்காடும் பரவியிருப்பதும் ஒரே பார்வையில் விளங்குகின்றன. இந்த ஏரிகளைத்தான் இவ்வூர் மக்கள் 'பிராட்' என்கிறார்கள். ஆறுகளும் அறுபதுக்கு மேற்பட்ட பிராடுகளும் சேர்ந்த இந்நிலம் முழுவதற்கும் பிராட்ஸ் என்று பெயர்.

இவை இயற்கையாகத் தோன்றிய ஏரிகள் அல்ல. 12 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை, விறகு அரிதாக இருந்த இப்பகுதியில் மக்கள் எரிபொருளுக்காகப் பீட் என்னும் கரிமண்ணை வெட்டியெடுத்தார்கள். பின்னர் கடல்மட்டம் உயர்ந்து வெள்ளங்கள் அடிக்கடி வரவே, குழிகளில் நீர் நிரம்பி வேலை நின்றது. காலப்போக்கில் அவை வெட்டப்பட்டவை என்பதே மறந்துபோனது. 1950-களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியல் அறிஞர் ஏரிகளுக்கு அடியிலும் கரைகளிலும் மண்ணைத் துளையிட்டு எடுத்துப் பார்த்தபோதுதான், பக்கங்கள் செங்குத்தாகவும் அடித்தளம் தட்டையாகவும் இருப்பதும், வெட்டாமல் விடப்பட்ட வரப்புகள் இடையில் நிற்பதும் தெரியவந்தன. இந்தச் செய்தியை அறிந்துகொண்டு கோபுரத்தில் ஏறுவது நல்லது. கீழே தெரியும் நீர்ப்பரப்பு ஒவ்வொன்றும் மண்வெட்டியால் உருவானது என்ற எண்ணத்தோடு பார்க்கும்போது நிலமே வேறாகத் தோன்றுகிறது.

மாலையில் நார்ஃபோக் வனவுயிர் அறக்கட்டளையின் பலகைப் பாதையில் நடந்தேன். தொடக்கத்தில் ஓக் மரங்கள் நிற்கின்றன. பிறகு ஆல்டர் மரங்களின் சதுப்புக்காடு, பிறகு நாணல், இறுதியில் திறந்த நீர். ஏரி மெல்லத் தூர்ந்து காடாகும் வரலாற்றை, அந்தச் சிறு தொலைவில், முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி நடந்தபடியே படித்துவிடலாம். யாரும் தலையிடாவிட்டால் நாணல் வெளி மரக்காடாகிவிடும் என்பதால், இங்கு பாதுகாப்பு என்றால் முதலில் வெட்டும் வேலைதான்.

மே 29, காக்‌ஷூட் பிராட்

ஆற்றை ஒட்டிய பலகைப் பாதை, அல்லிகள் மிதக்கும் தெளிந்த நீர், ஒரு பறவை மறைவுக்குடில். இந்தத் தெளிவு திரும்பப் பெறப்பட்ட ஒன்று. கழிவுநீரிலிருந்தும் வயல்களிலிருந்தும் வந்த பாஸ்பேட், பாசியைப் பெருக்கி நீரைக் கலக்கி, ஒளி கிடைக்காத நீர்த்தாவரங்களை அழித்திருந்தது. 1982-இல் இந்தப் பிராடை ஆற்றிலிருந்து அணை கட்டிப் பிரித்து, அடியில் படிந்திருந்த சேற்றை உறிஞ்சி அகற்றினார்கள். அதுமட்டும் போதவில்லை. பாசியைத் தின்னும் நீர்த்தெள்ளுகளை மீன்கள் தின்றுவிடுவதால், பிற்பாடு மீன்களின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டியிருந்தது. ஒரு சிறிய ஏரிக்கே இத்தனை உழைப்பு.

ஜூன் 2, ரீடம் முதல் பெர்னி ஆர்ம்ஸ் வரை

ரீடமில் ரயிலை விட்டிறங்கி, யேர் ஆற்றின் கரைமேல் வெரிமேன்ஸ் வே நடைபாதையைப் பிடித்தேன். ஒற்றைக் கறுப்புப் பாய் கட்டிச் சரக்கு ஏற்றிச்சென்ற வெரி படகுகளின் நினைவாக வந்த பெயர் அது. நாள் முழுவதும் காற்று. இடப்புறம் ஹால்வர்கேட் மேய்ச்சல் சதுப்புகள் கண்ணுக்கெட்டிய தூரம் மட்டமாகக் கிடந்தன. நீரோடைகள் வேலிகளாக இருக்க, மாடுகளும் ஆட்காட்டிப் பறவைகளும் ஒரே புல்வெளியைப் பகிர்ந்துகொண்டிருந்தன.

1980-களின் தொடக்கத்தில் இந்தப் புல்வெளி உழுநிலமாகிவிடும் நிலையில் இருந்தது. நீரை வடித்துக் கோதுமை பயிரிட அன்று மானியமும் நல்ல விலையும் கிடைத்ததால், உழ நினைத்த விவசாயியைக் குறைசொல்லவும் வழியில்லை. பெரும் வாக்குவாதத்துக்குப் பின், மேய்ச்சல் முறையைத் தொடரும் விவசாயிகளுக்கு ஏக்கர் கணக்கில் பணம் கொடுக்கும் திட்டம் 1985-இல் இங்கு தொடங்கியது. அதன் முன்மாதிரியில், சுற்றுச்சூழல் நுட்பமான பகுதிகள் என்ற ஏற்பாடு 1987 முதல் நாட்டின் வேறு இடங்களுக்கும் பரவியது. பறவையைக் காப்பதற்கு விவசாயியின் வருமானத்தைக் காக்க வேண்டும் என்பதை ஏற்ற அந்த முடிவு, எந்தக் காப்பகத்தின் வேலிக்கும் குறையாத முக்கியத்துவம் உடையது என்று கருதுகிறேன்.

பெர்னி ஆர்ம்ஸ் நிலையத்துக்குச் சாலையே கிடையாது. நடந்தோ படகிலோ வர வேண்டும். இல்லையென்றால் கைகாட்டி நிறுத்தும் அரிதான ரயிலில் வர வேண்டும்.

ஜூன் 6, ஸ்ட்ரம்ப்‌ஷா ஃபென்

ப்ரண்டல் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்து, தண்டவாளத்தைக் கடந்தால் அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கத்தின் இந்தக் காப்பகம் தொடங்குகிறது. காலையில் மேகம் விலகாததால் ஸ்வாலோடெயில் வண்ணத்துப்பூச்சிகள் வெளியே வரவில்லை. பதினொரு மணிக்கு மேல் வெயில் அடித்ததும் ஒன்று நாணலுக்கு மேல் வேகமாகப் பறந்து வந்து முட்செடிப் பூவில் அமர்ந்தது. வெளிர்மஞ்சள் சிறகில் கறுப்பு நரம்புகள், பின்சிறகில் நீலப் பட்டையும் ஒரு சிவப்புப் புள்ளியும் வாலும். தேன் குடிக்கும்போதும் அதன் சிறகுகள் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தன.

ஐரோப்பாவில் இவ்வினம் பலவகைச் செடிகளில் முட்டையிடும். பிரித்தானியத் துணையினமோ மில்க் பார்ஸ்லி என்ற ஒரே சதுப்புச் செடியையே நம்பியிருக்கிறது. அச்செடி வளர நாணலும் கோரையும் முறைவைத்து அறுக்கப்பட வேண்டும். அறுப்பு நின்றால் புதர் மண்டி அது மறைந்துவிடும். கேம்பிரிட்ஜ்‌ஷயரின் விக்கன் ஃபென்னில் இந்தப் பூச்சி 1950-களில் அற்றுப்போனது. மீண்டும் கொண்டுவந்து விட்டும் அங்கு நிலைக்கவில்லை. இன்று இது இயல்பாக வாழும் ஒரே பகுதி பிராட்ஸ்தான். கடல்நீர் ஆற்றின் வழியே உள்நாட்டுக்கு ஏறினால் உப்பைத் தாங்காத அந்தச் செடிக்கு என்ன ஆகும் என்பதுதான் இப்போது பெருங்கவலை.

திரும்பும் வழியில் ஓர் ஓடையின் மேல் பச்சைக் கண்ணும் பழுப்பு உடலும் கொண்ட நார்ஃபோக் ஹாக்கர் தும்பி ரோந்து சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் நெடுநேரம் பார்த்தேன்.

ஜூன் 11, ஹிக்லிங்

பிராடுகளில் மிகப் பெரியது ஹிக்லிங். பரப்பு பெரிதாயினும் ஆழம் மிகக் குறைவு. கடல் மிக அருகில் இருக்கிறது. 1938 பிப்ரவரியில் ஹார்சியில் மணல்மேடுகளை உடைத்துக்கொண்டு கடல் உள்ளே புகுந்தது.

மறைவுக்குடிலில் முதியவர் ஒருவர் எனக்கு இடம்விட்டு நகர்ந்து, நாணல் விளிம்பைச் சுட்டினார். பிட்டர்ன் அங்கே இறங்கியிருந்தது. நாணலின் நிறமே கொண்ட, தடித்த கழுத்துடைய நாரை வகைப் பறவை அது. அலகை வானை நோக்கி நீட்டி நின்றுவிட்டால் தண்டுகளிலிருந்து பிரித்தறிவது கடினம். "இந்த மாதத்தில் தாய்ப்பறவை இரை தேடிப் பறந்துகொண்டே இருக்கும், பொறுத்திருங்கள்" என்றார். பொறுத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது: அகன்ற சிறகுகளுடன் அது எழுந்து, ஏரியின் ஒரு மூலையைக் கடந்து மறைந்தது.

வேட்டையாலும் சதுப்புகள் வடிக்கப்பட்டதாலும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பிட்டர்ன் பிரித்தானியாவில் கூடுகட்டுவது நின்றிருந்தது. 1911-இல், ஹிக்லிங்கில் படகுவீட்டில் தங்கிப் பறவைகளைப் படம்பிடித்த எம்மா டர்னரும், அந்நிலத்தின் காவலர் ஜிம் வின்சென்ட்டும் பக்கத்துச் சட்டன் பிராடில் ஒரு குஞ்சைக் கண்டு, அது திரும்பிவிட்டதை உறுதிசெய்தார்கள். ஆனால் 1997-இல் நாடு முழுவதிலும் குரல்கொடுக்கும் ஆண்பறவைகள் 11 மட்டுமே எஞ்சின. உதிர்ந்த இலைகள் படிந்து நாணல் தரை மேடிட்டு உலர்ந்ததும், மீன் கிடைக்காமல் போனதுமே முக்கியக் காரணம். தரையைத் தாழ்த்தினார்கள், ஓடைகளைத் தோண்டினார்கள், மதகுகளால் நீர்மட்டத்தை நிலைநிறுத்தினார்கள். அண்மை ஆண்டுகளில் ஆண்களின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியிருக்கிறது. எந்தப் பறவையையும் கூண்டில் வளர்த்து விடாமல், நீரைச் சரிசெய்தே இது நடந்தது என்பதை எண்ணும்போது மனம் நிறைகிறது.

கிரேன் எனும் சாம்பல்நிறப் பெருங்கொக்குகளைத் தொலைவில் மட்டும் கண்டேன். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் இந்நாட்டில் கூடுகட்டாதிருந்த அவை 1979-இல் தாமாகவே இப்பகுதிக்கு வந்து தங்கியவை. சேற்றுப் பூனைப்பருந்துகளோ தலைக்கு மேலேயே பறந்தன. ஆண்பருந்து காற்றில் இரையை விட, பெண்பருந்து கீழிருந்து எழுந்து மல்லாந்து அதைப் பிடித்தது. 1971-இல் நாடு முழுவதற்கும் ஒரே ஒரு இணைதான் கூடுகட்டியது என்பதை நினைத்துக்கொண்டு இன்றைய வானத்தைப் பார்த்தேன்.

குளிர்காலத்தில் இவை கூட்டமாக அடைவதை இங்குள்ள ஸ்டப் மில் மேட்டிலிருந்து காணலாம் என்று முதியவர் சொன்னார். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால் மதியமே வந்துவிட வேண்டும். நாணல் அறுப்பும் அந்தப் பருவத்தில்தான் நடக்கும். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கத் திட்டமிட்டிருக்கிறேன்.