கோர்ட் டிக்ரி (தீர்ப்பாணை) கிடைத்தால் பாதி வேலைதான் முடிந்தது

விபத்தில் அண்ணன் போனபின், நஷ்டஈடு கேஸுக்காக அண்ணியோடு வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு அலைந்தவள் நான். அதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

விபத்து ஆம்பூர் பக்கம் நடந்தது. ஆனால் மனுதாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட சட்டத்தில் இடமுண்டு. அதனால் வேலூரில் போட்டோம். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது. காரியமெல்லாம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். எப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசு சான்று எல்லாம் எப்படியும் சேர்ந்துவிடும். வருமானத்தை நிரூபிப்பதுதான் பெரும்பாடு. அண்ணன் டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) வாரக்கூலியைக் கையில் வாங்கியவர். ஒரு சீட்டும் கிடையாது. கூட வேலை செய்தவர் கூண்டேறிச் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியின் கனம் கணக்கு போட்டால்தான் தெரியும். இறந்தவரின் வயது 41 முதல் 45 என்றால், நஷ்டஈட்டுக்கு அவருடைய ஆண்டு வருமானத்தை 14 ஆல் பெருக்குகிறார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் குறைத்து எழுதினால், இறந்தவரின் சொந்தச் செலவென்று மூன்றில் ஒரு பங்கு கழித்த பிறகும் 1,12,000 ரூபாய் போய்விடும்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. வீட்டில் எல்லாரும் முடிந்தது என்றார்கள். எனக்கு நீதிபதி ஆர்.பானுமதி அம்மாவின் நினைவு வந்தது. 1981 இல் வக்கீலாகப் பதிந்து, அன்று வட ஆற்காட்டில் இருந்த திருப்பத்தூரிலும் கிருஷ்ணகிரி, அரூரிலும் வாதாடியவர். 1988 இல் நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதி, 2003 இல் சென்னை உயர் நீதிமன்றம், 2013 இல் ஜார்க்கண்ட் தலைமை நீதிபதி, மறு ஆண்டே உச்ச நீதிமன்றம். 2020 ஜூலையில் விடைபெறும்போதுதான் சொன்னார்: இரண்டு வயதில் பஸ் விபத்தில் அப்பாவை இழந்தாராம். அம்மா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு டிக்ரியும் வாங்கினாராம். நடைமுறைச் சிக்கலிலும், வழிகாட்ட ஆளில்லாமலும் அந்தப் பணம் வந்து சேரவே இல்லையாம். அதைப் படித்தவள் தீர்ப்பு நகலோடு எப்படி வீட்டில் உட்காருவேன்?

இன்சூரன்ஸ் கம்பெனி இழுத்தடித்தது. தீர்ப்பை அமல்படுத்தச் சொல்லி நிறைவேற்று மனு போட்டோம். பணம் கோர்ட்டில் டெபாசிட் ஆனபின் அதை எடுக்கவும் தனி மனு வேண்டும். மைனர் பிள்ளைகளின் பங்கு 18 வயதுவரை வங்கி வைப்பில் இருக்கும். அதன் வட்டியைத் தாய் எடுத்துக்கொள்ள உத்தரவிலேயே கேட்டு வாங்குங்கள், பள்ளிக் கட்டணத்துக்கு ஆகும். தாயின் பங்கு அவர் கணக்கிலேயே நேராக விழட்டும். அண்ணன் தம்பியோ, என்னைப்போல் கூடவே நடந்த நாத்தனாரோ, யார் கணக்கையும் கொடுக்க வேண்டாம்.