பானை முதல்ல வந்துச்சா, கதிர் முதல்ல வந்துச்சா

ஸ்கூல் புக்ல ஒரு படம் இருக்குமே, ஞாபகம் இருக்கா? இடது ஓரத்துல ஈட்டி வச்சிருக்கிற வேட்டைக்காரன், அடுத்து நிலத்தைக் கிளறுறவன், அடுத்து பானை வனையுறவன், கடைசியில குனிஞ்சு உக்காந்து பலகையில எதையோ எழுதுறவன், ஒவ்வொருத்தருக்கும் நடுவுல ஒரு அம்புக்குறி. அந்த அம்புக்குறி என் மண்டைக்குள்ள ரொம்ப வருஷம் அப்படியே இருந்துச்சு. முதல்ல பயிர் வச்சான், விளைஞ்சதைக் கொட்டி வைக்க பானை செஞ்சான், எவ்ளோ இருக்குன்னு குறிச்சு வைக்க எழுத்து கண்டுபிடிச்சான். கேக்கும்போது நியாயமாத்தான் இருக்கு. ஆனா தோண்டி எடுத்ததைப் பாத்தா இந்த வரிசை முக்கால்வாசி இடத்துல ஒத்தே வரல. இது தெரிஞ்ச நாள்ல இருந்து யாரு கிடைச்சாலும் இதைப் பத்தித்தான் பேசிட்டு இருக்கேன், அதான் எழுதியே வச்சிரலாம்னு.

பானையில இருந்து ஆரம்பிக்கிறேன். சீனாவுல ஜியாங்சி மாகாணத்துல ஷியான்ரென்டோங்னு ஒரு குகை. அங்க கிடைச்ச பானை ஓடுங்களுக்கு கிட்டத்தட்ட 20,000 வருஷம் வயசுன்னு 2012ல சொன்னாங்க. அது பனியுகத்தோட உச்சம், உலகத்துல எந்த மூலையிலயும் விவசாயம்னு ஒண்ணு கிடையாது. ஓடுங்கள்ல வெளிப்பக்கம் கருகின தடம் இருக்கு, நெருப்புல வச்சு சமைச்சிருக்காங்க. ஜப்பான்ல ஜோமோன் மக்கள் சுமார் 16,000 வருஷத்துக்கு முன்னாடியே பானை செஞ்சாங்க. ஜோமோன்னாலே கயிறுத் தடம்னுதான் அர்த்தம், ஈர மண்ணு மேல முறுக்கின கயிறை அழுத்தி டிசைன் போட்டுருக்காங்க. அவங்க பழைய பானைங்களோட உள்பக்கம் ஒட்டியிருந்த கருகலை சோதிச்சுப் பாத்தா பெரும்பாலும் மீனு, தண்ணியில வாழுற ஜீவனோட கொழுப்பு. வேட்டையாடி, மீன் பிடிச்சு, காட்டுல பொறுக்கித் தின்னுட்டு இருந்தவங்க ஆயிரக்கணக்கான வருஷம் பானை வச்சிருந்தாங்க, வயல் இல்லாமலே.

அப்படியே இந்தப் பக்கம் மேற்கு ஆசியாவுக்கு வந்தா கதை தலைகீழ். ஜெரிகோவுல 1950கள்ல கேத்லீன் கென்யன் தோண்டினப்ப, ஊர் இருக்கு, கல் சுவர் இருக்கு, எட்டரை மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம், அதுக்குள்ள 22 படிக்கட்டு, தானியம் எல்லாம் இருக்கு, ஆனா அந்த அடுக்குகள்ல ஒரு பானை ஓடு கூட இல்ல. அதனாலதான் அந்தக் காலகட்டத்துக்கே 'பானைக்கு முந்தின புதிய கற்காலம்'னு பேர் வச்சாங்க. அங்க பானை பரவலா வர்றது கி.மு. 7000 வாக்குலதான். அதுவரைக்கும் கல் பாத்திரம், கூடை, தோல் பை, சுண்ணாம்புச் சாந்து பூசின குழி, இதை வச்சே ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பயிர் செஞ்சு வாழ்ந்துட்டாங்க.

அதுக்காக மண்ணைச் சுட அவங்களுக்குத் தெரியாதோன்னு நினைச்சிரக் கூடாது. மண்ணைச் சுடுற அறிவு பானையை விட ரொம்பப் பழசு. இப்ப செக் குடியரசுல இருக்கிற டோல்னி வெஸ்டோனிசேல, 25,000 வருஷத்துக்கும் முந்தின சுட்ட மண் பொம்மைங்க கிடைச்சிருக்கு. அதுல புகழ்பெற்ற ஒரு பெண் பொம்மை மேல ஒரு சின்னப் பிள்ளையோட விரல்ரேகை பதிஞ்சிருக்கு. ஈரம் காயறதுக்கு முன்னாடி யாரோ ஒரு பிள்ளை தொட்டிருக்கு, அவ்ளோதான். இதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் நான் எதுவும் பேசல.

மண்ணைப் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா நான் மூணு மாசம் ஒரு வகுப்புக்குப் போய் கையால பானை செஞ்சு பாத்தேன், அதுக்கு அப்புறம்தான் இதெல்லாம் எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்கு உறைச்சுது. மண்ணை வெறுமனே பிசைஞ்சு உருட்டி சுட்டா வெடிச்சிரும். உள்ள ஒரு பொட்டு ஈரம் மிச்சம் இருந்தா கூட ஆவியாகி சுவரைப் பொளந்துட்டு வெளிய வரும், என் முதல் ரெண்டு சட்டியும் அப்படித்தான் போச்சு. அதனால மண்ணோட மணலோ, நறுக்கின வைக்கோலோ, பொடிச்ச கிளிஞ்சலோ, இல்ல பழைய பானையை இடிச்ச பொடியோ கலக்கணும், அப்பதான் ஆவி போக வழி இருக்கும், சுருங்கும்போது விரிசலும் விடாது. இந்தக் கலவையை உலகத்துல ஒருத்தரை ஒருத்தர் பாத்தே இருக்காத மக்கள் தனித்தனியா கண்டுபிடிச்சிருக்காங்க. சுமார் 600 டிகிரி தாண்டினா மண்ணு மண்ணா இருக்கிறதை விட்டுருது. அதுக்கு முன்னாடி வரைக்கும் தண்ணி ஊத்தினா திரும்பக் கரைஞ்சிரும், அதுக்கு அப்புறம் எத்தனை ஆயிரம் வருஷம் மழையில கிடந்தாலும் கரையாது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாதுன்னு சும்மாவா சொன்னாங்க. இந்த 600 டிகிரி விஷயத்தை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி திரும்ப வரும்.

இப்ப கதிருக்கு வரேன். காட்டுக் கோதுமை பழுத்துச்சுன்னா கதிர் தானா உடைஞ்சு மணி மணியா உதிரும், அந்தச் செடி பரவுறதுக்கு அதுதான் வழி. மனுஷனுக்கு அது பெரிய தொல்லை, கை வைக்கிறதுக்குள்ள பாதி கீழ கொட்டிரும். ஆனா கூட்டத்துல ஏதோ சில செடியில மட்டும் ஒரு சின்ன மரபுக் கோளாறால மணி உதிராம கதிர்லயே ஒட்டிட்டு நிக்கும். காட்டுல அந்தச் செடி பொழைக்கவே பொழைக்காது. ஆனா அரிவாள் வச்சு அறுத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போறவன் கையில அதிகமா சிக்குறது அந்த உதிராத கதிர்தான், அதுல மிச்சம் வச்சதைத்தான் அடுத்த வருஷம் விதைப்பான். வருஷா வருஷம் இப்படியே நடந்து, மனுஷன் இல்லாம வாழவே முடியாத ஒரு செடி உருவாகிருச்சு. யாரும் உக்காந்து திட்டம் போட்டு செஞ்சது இல்ல.

இதுக்கு எவ்ளோ காலம் ஆச்சுங்கிறதுதான் என்னை அசர வச்ச விஷயம். காட்டுக் கோதுமையை வச்சு பரிசோதனை செஞ்சவங்க, சரியான முறையில அறுத்து விதைச்சா இருபது முப்பது வருஷத்துலயிருந்து இருநூறு வருஷத்துக்குள்ள கூட இந்த மாற்றம் முடிஞ்சிரலாம்னு கணக்குப் போட்டாங்க. ஆனா மண்ணுக்குள்ள கிடைச்ச கருகின தானியம் வேற சொல்லுது, ஆயிரத்துக்கும் ரெண்டாயிரத்துக்கும் மேல வருஷம் இழுத்திருக்கு. சீனாவுல தியான்லுவோஷான்ல நெல்லை எண்ணிப் பாத்தாங்க, உதிராத வகை 27 சதவீதத்துல இருந்து 39 சதவீதத்துக்கு வரவே சுமார் 300 வருஷம் ஆகியிருக்கு. பத்துப் பன்னெண்டு தலைமுறை! அதுல வாழ்ந்த ஒருத்தருக்குக் கூட, நாம இப்ப ஏதோ ஒரு புரட்சி பண்ணிட்டு இருக்கோம்னு தோணியிருக்காது. கலிலேயா ஏரிக் கரையில ஓஹாலோன்னு ஒரு இடம், 1989ல தண்ணி வத்தினப்ப வெளிய தெரிஞ்சுது, 23,000 வருஷத்துக்கு முன்னாடியே அங்க குடிசை போட்டு காட்டு பார்லியைக் கல்லுல அரைச்சிருக்காங்க. அரைக்கத் தெரிஞ்சதுக்கும் வயல் வச்சதுக்கும் நடுவுல பத்தாயிரம் வருஷத்துக்கு மேல.

இந்த அரைக்கிற வேலையைப் பத்தி புக்ல எல்லாம் ஒரு வரியில தாண்டிருவாங்க, எனக்கு அது பொறுக்கல. சிரியாவுல யூப்ரடீஸ் கரையில அபு ஹுரேய்ரான்னு ஒரு ஊரை, அணை கட்டி தண்ணி நிறையறதுக்கு முன்னாடி 1972, 73ல அவசர அவசரமா தோண்டினாங்க. இப்ப அது ஏரிக்கு அடியில. அங்க கிடைச்ச எலும்புகளை தேயா மோல்சன்ங்கிற ஆராய்ச்சியாளர் பாத்தாங்க. கால் பெருவிரல் மூட்டு தேஞ்சு போயிருக்கு, முழங்கால்ல, முதுகோட கீழ் எலும்புல சேதம். மண்டி போட்டு, கால் விரலை மடக்கி ஊன்றி, முன்னயும் பின்னயும் உடம்பை ஆட்டி மணிக்கணக்கா கல்லுல தானியம் அரைச்சதோட தடம் அது. பெரும்பாலும் பெண்களோட எலும்பு. விவசாயம் நாகரிகத்தைக் கொடுத்துச்சுன்னு பெருமையா பேசும்போது அந்தக் கால் பெருவிரலும் கூடவே ஞாபகம் வரணும்னு நான் நினைக்கிறேன், சாப்பாட்டுக்கு ஒவ்வொரு நாளும் யாரோ மண்டி போட்டிருக்காங்க.

சரி எழுத்து. இங்கதான் தானியமும் பானையும் மண்ணும் ஒண்ணா வந்து சேருது, குறைஞ்சபட்சம் மெசொப்பொத்தேமியாவுல, அதாவது இப்ப இருக்கிற ஈராக் பக்கம். ஊருக் நகரத்துல கி.மு. 3300 வாக்குல இருந்து, சுடாத களிமண் பலகைங்க, ஆயிரக்கணக்குல கிடைச்சிருக்கு. பெரும் பகுதி கணக்கு. பார்லி இவ்ளோ, ஆடு இவ்ளோ, பீர் இவ்ளோ, யார் கொடுத்தா, யார் வாங்கினா. கவிதை இல்ல, ராஜா கதை இல்ல, சாமி பாட்டு இல்ல. மிச்சத்துல தொழில் பேரு, பொருள் பேரு இதையெல்லாம் வரிசையா எழுதின பட்டியல் இருக்கு, கணக்குப்பிள்ளையா ஆகறவங்க எழுதிப் பழகினது. 'எண்ணும் எழுத்தும்'னு நாம எண்ணை முன்னாடி வச்சு சொல்றோமே, அங்க நடந்ததும் அதே வரிசைதான். ஒரு பலகையில 37 மாசத்துக்கு 29,086 அளவு பார்லின்னு போட்டு குஷிம்னு ஒரு பேர் வருது. அது ஆளோட பேரா பதவியோட பேரான்னு அறிஞர்களுக்குள்ள வாதம் இருக்கு, ஆள்தான்னா நமக்குத் தெரிஞ்ச பேருங்கள்ல ரொம்பப் பழசுல அதுவும் ஒண்ணு. ஒரு கணக்கு எழுதினவரோ, இருப்பு பாத்துக்கிட்டவரோ.

அந்த ஊருக் பண்பாட்டுல ஒரு கிண்ணம் இருக்கு, விளிம்பு சரிவா சீவின மாதிரி இருக்கும், சொரசொரன்னு, அழகுன்னு ஒண்ணும் கிடையாது. மண்ணை அச்சுல போட்டு கையால குத்தி அழுத்தி செஞ்சது, பலதுல உள்பக்கம் விரல் முட்டி அழுத்தின பள்ளம் அப்படியே தெரியும். சக்கரத்துல நேர்த்தியா வனையத் தெரிஞ்சவங்களே இதையும் மலை மலையா செஞ்சு, யூஸ் பண்ணிட்டு தூக்கிப் போட்டுருக்காங்க, தோண்டின இடத்துல எல்லாம் இதோட ஓடுதான் குவியல் குவியலா. வேலை செஞ்சவங்களுக்குக் கூலியா பார்லி படியளந்த கிண்ணம்னு ஒரு சாரார், ரொட்டி சுட்ட அச்சுன்னு இன்னொரு சாரார். இப்ப அந்தப் பலகைங்களைப் பாருங்க, உணவுன்னும் கூலித் தானியம்னும் சொல்ற குறி எது? இதே கிண்ணத்தோட படம். ஒரு மனுஷத் தலையைப் போட்டு அதோட வாய்கிட்ட இந்தக் கிண்ணத்தை வச்சா 'சாப்பிடு'. பீருக்கு ஒரு ஜாடி. பானை அப்படியே எழுத்தாயிருச்சு! எழுதின பலகை களிமண்ணு, அதுல வரைஞ்ச குறி ஒரு மண் கிண்ணம், அந்தக் கிண்ணத்துக்குள்ள இருந்தது வயல்ல விளைஞ்ச பார்லி. இதை முதல் தடவை புரிஞ்சுக்கிட்டப்ப எனக்கு நிஜமாவே புல்லரிச்சிருச்சு.

இதுக்கும் முந்தி கணக்கு வைக்க ஆட்டக் காய் மாதிரி சின்னச் சின்ன மண் காய் இருந்துச்சு, கூம்பு, உருண்டை, தட்டுன்னு பல வடிவத்துல, சுமார் கி.மு. 8000ல இருந்து. கி.மு. 3500 வாக்குல அதை ஒரு மண் உருண்டைக்குள்ள போட்டு மூடி முத்திரை குத்துனாங்க, உள்ள என்ன இருக்குன்னு தெரிய மூடுறதுக்கு முன்னாடி சிலதுல காயை வெளிப்பக்கமும் அழுத்தி தடம் பதிச்சாங்க. வெளியவே தெரியுதுன்னா உள்ள காய் எதுக்குன்னு உருண்டை தட்டையாகி பலகையாச்சுன்னு டெனிஸ் ஷ்மாண்ட் பெஸராட்ங்கிற தொல்லியல் ஆராய்ச்சியாளர் சொன்னாங்க. எல்லா குறிக்கும் இது பொருந்தாதுன்னு மத்தவங்க மறுத்திருக்காங்க, எண்களைப் பொறுத்தவரைக்கும் எனக்கு இது ரொம்பவே சரியாப் படுது.

ஆனா இதையும் ஒரு புது அம்புக்குறியா ஆக்கிரக் கூடாது. சீனாவுல நமக்குக் கிடைச்ச பழைய எழுத்து சுமார் கி.மு. 1250ல இருந்து, ஆன்யாங்ல, மாட்டுத் தோள் எலும்புலயும் ஆமை ஓட்டுலயும். மழை வருமா, விளைச்சல் நல்லா இருக்குமா, போருக்குப் போலாமான்னு முன்னோர்கிட்ட கேட்ட கேள்விங்க. இன்கா பேரரசு மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் விளைய வச்சு, ஊர் ஊரா களஞ்சியம் கட்டி, ஆண்டஸ் மலை நெடுக ஆட்சி பண்ணுச்சு, மண் பலகையும் இல்ல எழுத்தும் இல்ல, கணக்கு எல்லாம் கிப்புங்கிற முடிச்சுக் கயிறுல, அதுவும் பத்தின் மடங்குல. எழுத்து இல்லாததால அவங்க ஏதோ ஒரு படி கீழன்னு சொல்றது எனக்கு எரிச்சலா இருக்கும்.

அந்த 600 டிகிரிக்கு வரேன். பலகையைப் பெரும்பாலும் சுடல, சும்மா காய வச்சாங்க, ஏன்னா வேலை முடிஞ்சா தண்ணியில ஊற வச்சு திரும்பப் பிசைஞ்சு புதுசா எழுதிக்கலாம். கிரேக்கத்துல பைலோஸ் அரண்மனை கி.மு. 1200ஐ ஒட்டி எரிஞ்சு போச்சு. எரிஞ்ச அந்தத் தீயிலதான் அங்க இருந்த கணக்குப் பலகை எல்லாம் செங்கல் மாதிரி வெந்து நின்னுச்சு, 1939ல கார்ல் பிளேகன் தோண்டின முதல் குழியிலயே கிடைச்சுது. 1952ல மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படிச்சப்ப ஆடு, எண்ணெய், கோதுமை, வேலை செஞ்ச பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்த ரேஷன், அதெல்லாம்தான் வந்துச்சு. அரண்மனை பொழைச்சிருந்தா அந்தப் பலகைங்க அடுத்த வருஷம் கரைஞ்சு வேற கணக்கா மாறியிருக்கும்.

கிரீட்ல கினோசோஸ் அரண்மனையிலயும் இதே எழுத்து, இதே மாதிரி தீயில வெந்த பலகை. அதுல பதிஞ்ச உள்ளங்கை ரேகையை ஆராய்ஞ்சாங்க. எழுதுறவருக்கு மண்ணைப் பிசைஞ்சு தட்டித் தயார் பண்ணிக் கொடுத்த கைங்க அது, அதுல சிலது சின்னப் பிள்ளைங்களோடது.