நம்ம எம்.பி. யாரு?

2024 ஜூலை. தென்னாப்பிரிக்காவின் புதிய நாடாளுமன்றத்தில் குழுக்கள் அப்போதுதான் அமைந்துகொண்டிருந்தன. டர்பன் பக்கம் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில், நாடாளுமன்றத்தை அணுக வழி சொல்லும் எங்கள் உதவி மேசைக்கு வந்த ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் கேட்டது சின்னக் கேள்விதான்: “தம்பி, நம்ம எம்.பி. யாரு?”

“அப்படி ஒருத்தர் இல்லை ஐயா” என்றேன்.

சரியான பதில். இங்கே தொகுதிக்கு ஓர் எம்.பி. என்று கிடையாது, கட்சிப் பட்டியலுக்குத்தான் ஓட்டு. நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியப் பேரவையின் 400 இடங்களில் 200 தேசியப் பட்டியலுக்கு, 200 மாகாணப் பட்டியல்களுக்கு. அந்தத் தேர்தலில் சுயேச்சைகளும் நிற்கலாம் என்று ஆகியிருந்தது, ஒருவரும் ஜெயிக்கவில்லை. கட்சிகள் பிற்பாடு தங்கள் ஆட்களுக்கு வட்டாரங்களைப் பிரித்துக் கொடுத்து அலுவலகம் திறக்கும், ஆனால் அது கட்சியின் உள் ஏற்பாடு. “நானூறு பேரும் உங்க எம்.பி.தான்” என்றும் சொன்னேன். ஆறுதலுக்காக.

“ஊர் மாட்டுக்கு எவன் புல்லு போடுவான்?” என்றார்.

அவர் வந்த விஷயம் அற்பமானதல்ல. அரசியலமைப்பின் ஆறாவது பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது. இந்தி, குஜராத்தி, தெலுங்கு, உருது போன்றவற்றோடு தமிழையும் வளர்க்க வேண்டும், அதற்கு மதிப்புக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று தேசிய மொழி வாரியத்துக்குக் கடமை விதித்திருக்கிறது. பள்ளிகளில் அது என்ன ஆயிற்று என்று நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஆனால் மொழி வாரியம் விளையாட்டு, கலை, பண்பாட்டுக் குழுவின் கீழ் வருகிறது. பள்ளி, அடிப்படைக் கல்விக் குழுவிடம். பள்ளிகளை நடத்துவதோ மாகாணம், அதற்கு மாகாணத் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க் போக வேண்டும். பேரவையில் மனு கொடுக்கவும் யாராவது ஓர் உறுப்பினர் கையில் எடுத்து வைக்க வேண்டும். ஆக, அவர் எம்.பி.யைத் தேடியதில் தப்பே இல்லை.

குழுச் செயலாளருக்கு எழுதுங்கள் என்றேன். இதை இன்றைக்கும் சொல்வேன். பேரவை மண்டபம் 2022 ஜனவரியில் எரிந்துபோனதால் முதல் அமர்வே கேப் டவுன் மாநாட்டு மையத்தில்தான் நடந்தது. 18 கட்சிகள், எதற்கும் பெரும்பான்மை இல்லை, எத்தனையோ உறுப்பினர்கள் புதுசு. அவர்களே வழி கேட்டுக்கொண்டு திரிகிற நேரத்தில், எந்தக் கோப்பு எங்கே போகும் என்று தெரிந்தவர்கள் செயலாளர்கள்தான்.

“ஓட்டுப் போட்டது நான். குமாஸ்தாவுக்கா எழுதணும்?”

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. “ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் காலத்துல நம்ம எம்.பி. பேரு எல்லாருக்கும் தெரியும். நாங்கதான் ஓட்டுப் போடல.”

1984-இல் இந்தியர்களுக்கென்று வெள்ளை அரசு தனியாக வைத்த அவை அது. பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு அந்த நாடாளுமன்றத்தில் இடமே இல்லை என்று நம் ஆட்கள் புறக்கணித்தார்கள். பதிவு செய்திருந்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். இவர் போடாத பக்கம், அதில் பெருமையும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் பட்டியல் முறையில் ஒரு ஓட்டும் வீணாகாது என்று நான் என்ன விளக்குவது? பிரிண்டரைப் பார்க்கப் போவதுபோல எழுந்து போனேன்.

ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம் என்கிறார் கூட வேலை செய்யும் அக்கா. அவர் ஓட்டுப் போட்ட கட்சியில் நம் மாகாணத்து உறுப்பினர் ஒருவரைக் காட்டியிருந்தால் போதுமாம். அதற்கு எந்தக் கட்சிக்குப் போட்டீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். எங்கள் மேசையில் அந்தக் கேள்வி கிடையாது, கிடையாது என்பதால்தான் எல்லாக் கட்சிக்காரர்களும் வருகிறார்கள். அவர் சந்தோஷமாகவே சொல்லியிருப்பார் என்று அக்கா அடித்துச் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அவருக்கு அடுத்து வரிசையில் நின்றவர்?

இப்போது யாராவது வந்து கேட்டால் முதலில் செயலாளரின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அந்த நானூறு பேர் கதையெல்லாம் அப்புறம்தான், அதுவும் கேட்டால் மட்டும்.