அது உடம்புல எங்க இருக்கு?

ரெண்டு வருஷமா படபடப்பு, ராத்திரி மூணு மணிக்கு டாண்ணு முழிப்பு. ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல்னு டாக்டர் அனுப்பிட்டார். ஃப்ரெண்ட் நச்சரிச்சு ஒரு தெரபிஸ்ட்கிட்ட போனேன், போர்டுல 'ஹோலிஸ்டிக்'னு (உடம்பு, மனசு எல்லாத்தையும் சேத்துப் பாக்குறதாம்) பாத்ததுமே, ஊதுபத்தி கல்லு சக்கரம்னு ஆரம்பிச்சா பாதியிலயே எந்திரிச்சு வந்துடணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் உள்ள போனேன்.

அந்த மேடம் கேட்ட முதல் கேள்வி, "தைராய்டு பாத்தீங்களா?" தைராய்டு ஜாஸ்தி சுரந்தாலே படபடப்பு, தூக்கமில்லாமை எல்லாம் வரும், அதைப் பாக்காம நான் உங்க சின்ன வயசைத் தோண்டிட்டு இருக்கக்கூடாதுன்னாங்க. அப்புறம் எத்தனை காபி, எத்தனை மணிக்கு சாப்பாடு, கடைசியா எப்ப வாய்விட்டு சிரிச்சீங்க... (காபி அஞ்சு. திட்டு வாங்கினேன்.) ஹோலிஸ்டிக்னா இதுதான்னா எனக்கு ஓகே. அதே பேரை வச்சுக்கிட்டு மாத்திரையை நிறுத்துங்கன்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, அங்கல்லாம் செருப்பைக்கூட கழட்டாதீங்க.

ரிப்போர்ட் நார்மல். சரி பேசலாம்னு உக்காந்தேன். நான் நல்லா பேசுவேன், அதான் பிரச்சனையே. அப்பா போனது, கடைசி நேரத்துல நான் ஊர்ல இல்லாதது எல்லாத்தையும் ஆபீஸ் ப்ரெசன்டேஷன் மாதிரி நாலு வாரம் கோர்வையா சொன்னேன். நடுவுல நிறுத்தி, "இதைச் சொல்றப்ப உடம்புல எங்க என்ன பண்ணுது?"ன்னாங்க. கடுப்பாயிடுச்சு. ஒண்ணும் பண்ணலையேன்னேன். சொல்லும்போதே தொண்டை அடைச்சுது.

இந்தக் கேள்வி எங்கேர்ந்து வந்துதுன்னு வீட்டுக்கு வந்து படிச்சேன். யூஜின் ஜெண்ட்லின்னு ஒரு தத்துவ, உளவியல் அறிஞர், வியன்னாவுல 1926ல பொறந்தவர், நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போய், சிகாகோவுல கார்ல் ரோஜர்ஸ்ங்கிற பெரிய உளவியல் நிபுணர் கூட வேலை பாத்தவர். தெரபி ரெக்கார்டிங்குகளை உக்காந்து கேட்டப்ப அவருக்குப் புரிஞ்சது, கோர்வையா பேசுறவங்க இல்ல, "கோபம்னு சொல்ல முடியாது... அது வந்து..."ன்னு தடுமாறி, நின்னு, உள்ள தேடிப் பாக்குறவங்களுக்குத்தான் தெரபி நல்லா வேலை செய்யுதுன்னு. அந்தத் தேடலைச் சொல்லிக் கொடுக்குற முறைக்கு ஃபோகஸிங்னு பேரு, 1978ல புத்தகமாவும் போட்டார். வயித்துல புளியைக் கரைக்குது, நெஞ்சு பாரமா இருக்கு, குலை நடுங்குதுன்னு நம்ம பாட்டிங்க இதைத்தானே தினம் சொல்லிட்டு இருந்தாங்க, நமக்குத்தான் 'ஸ்ட்ரெஸ்'னு ஒரே வார்த்தை ஆயிப்போச்சு.

ஏழாவது வாரம் எதிர்ல ஒரு காலி சேர். அப்பா உக்காந்திருக்கார்னு நெனச்சு பேசுங்க. மொரீனோங்கிற மனநல டாக்டரோட நாடக தெரபியிலேர்ந்து ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸ்ங்கிறவர் எடுத்து, கெஸ்டால்ட்ங்கிற தன்னோட தெரபி முறையில பிரபலமாக்கின விஷயம்னு பின்னாடி தெரிஞ்சுது, அப்போதைக்கு கூச்சத்துல செத்தேன். அப்புறம் எப்படியோ, "ஏம்ப்பா, முடியலன்னு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம்ல நீங்க"ன்னு வந்துடுச்சு. "இப்ப அந்தப் பக்கம் உக்காந்து அப்பாவா பதில் சொல்லுங்க"ன்னாங்க. உக்காந்தேன். "உனக்கு லீவு தரமாட்டானுவளேன்னு பாத்தேன் கண்ணு." அப்பாவோட அதே இழுவை, என் வாயிலேர்ந்து. பாக்கி அரை மணி நேரம் டிஷ்யூ பாக்ஸ்தான்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லமாட்டேன். மூணு மணி முழிப்பு இன்னும் வாரத்துக்கு ஒரு நாள் வருது. வந்தா தொண்டை மேல கையை வச்சுக்கிட்டு, நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுறேன், மூச்சை வெளிய விடும்போது இதயத்துடிப்பு குறையும், அதனால விடுறது நீளமா இருக்கணுமாம். சில நாள் தூக்கம் வருது. சில நாள் அப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் படுக்குறேன்.