அழைத்தால் யார் எடுப்பார்கள்? – ஒரு நாட்குறிப்பு

ஜூலை 3, வியாழன்

வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவி எண்கள் என்று வளாகத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மாணவர் குழுவில் வேறு யாரும் கையைத் தூக்கவில்லை. முனைவர் பட்டம் செய்கிறவளுக்கு நேரம் கொட்டிக் கிடக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

பழைய தாளில் ஆலோசனை மையம், பாதுகாப்பு அலுவலகம், மருத்துவமனை, காவல் நிலையம், வெளியே ஒரு பெண்கள் அமைப்பு என்று வரிசையாக இருக்கிறது. மதியம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழைத்தேன். ஒரு எண் விளையாட்டுத் துறையில் போய் அடித்தது. எடுத்தவர் நல்ல மனிதர்தான். "இந்த மாதிரி அடிக்கடி வரும்மா. இது இல்லைன்னு சொல்லி வெச்சிடுவோம்" என்றார்.

அடிக்கடியா? பல நாள் யோசித்து, பயந்து, கடைசியில் ஒருத்தி எண்ணை அழுத்துகிறாள். "இது இல்லை" என்கிறது ஒரு குரல். அதற்கப்புறம் அவள் தாளில் அடுத்த எண்ணைத் தேடுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை 5, சனி

ஆலோசகரைப் பார்த்தேன். மையம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்கத்தான் போனேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

"எங்ககிட்ட வர்றவங்க முதல்ல பயப்படறது ஒண்ணுக்குத்தான். இது வீட்டுக்குத் தெரியுமா, துறைக்குத் தெரியுமான்னு" என்றார். ஆலோசகர் பொதுவாக ரகசியம் காப்பார். வந்தவருடைய உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து இருந்தாலோ, குழந்தை ஒன்று பாதிக்கப்பட்டிருந்தாலோதான் விதிவிலக்கு. விடுதிக் காப்பாளரும் பேராசிரியரும் அப்படியில்லை. பல கல்வி நிறுவனங்களில் அவர்கள் காதுக்கு ஒன்று வந்தால் அதை மேலே தெரிவித்தே ஆக வேண்டும் என்று விதி உண்டு. பிடித்த ஆசிரியரிடம் மனம் விட்டு அழுதுவிட்டு வந்த பெண்ணுக்கு, மறுநாள் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வருகிறது. ஆசிரியர் துரோகம் செய்யவில்லை, விதிப்படி நடந்தார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது வேறு மாதிரித்தானே தெரியும்?

ஆகவே வாயைத் திறக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "நான் சொல்வதை நீங்கள் வேறு யாரிடமாவது சொல்லியாக வேண்டுமா?" பெயர் சொல்லாமலே, "என் தோழிக்கு ஒரு பிரச்சினை" என்று தொடங்கியும் இதைக் கேட்கலாம். புதிய தாளில் ஒவ்வொரு எண்ணுக்குக் கீழும் இதற்கான பதில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஆய்வு மாணவிக்குத் தொல்லை கொடுப்பவர் அவளுடைய நெறியாளராகவே இருந்தால்? ஆய்வேட்டில் கையெழுத்து, உதவித்தொகை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் அவர் கையில். புகார்க் குழுவில் அவருடைய நண்பர்கள். அப்படிப்பட்டவளுக்கு வளாகத்துக்குள் எத்தனை கதவு இருந்தும் என்ன பயன்? வெளியில் இருக்கும் அமைப்புக்கு நம் நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்றும் கவலை கிடையாது. பழைய தாளில் கடைசியாக இருந்த வெளி எண்ணை மேலே கொண்டுவருகிறேன்.

ஜூலை 9, புதன்

மருத்துவமனை. அவசரப் பிரிவில் நெடுநாளாக வேலை பார்க்கும் செவிலியர் அக்கா ஒருவர் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தந்தார். நான் இதுவரை எந்தச் சுவரொட்டியிலும் பார்க்காத விஷயங்களைச் சொன்னார்.

பாலியல் வன்முறைக்குப் பிறகு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு ஐந்து நாள் வரை அவகாசம் உண்டு, அதிலும் தாமதம் ஆக ஆகப் பலன் குறையும். தடயம் எடுப்பதற்கான கால வரம்பு இடத்துக்கு இடம் மாறும், சில இடங்களில் 72 மணி, சில இடங்களில் 120 மணி. பானத்தில் ஏதோ கலந்து கொடுத்திருப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தால் முதல் சிறுநீர் முக்கியம். சில மருந்துகளின் சுவடு அரை நாளில் உடம்பை விட்டுப் போய்விடும்.

"குளிச்சிட்டேன், இனி போய் என்ன ஆகப்போகுதுன்னு வராமலே இருந்துடறாங்க" என்று வருத்தப்பட்டார். குளிக்காமல் வந்தால் நல்லது, குளித்திருந்தாலும் வரலாம். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். எந்தப் பரிசோதனைக்கும், நடுவில்கூட, "வேண்டாம்" என்று சொல்லலாம். சிகிச்சையை மட்டும் எடுத்துக்கொண்டு தடயம் எடுக்க மறுப்பதும் அவரவர் விருப்பம்.

அப்புறம் கழுத்தை நெரிப்பது. இதைச் சொல்லும்போது அக்காவின் குரல் மாறிவிட்டது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம், சில நாள் கழித்துப் பக்கவாதம் வரலாம். குரல் கம்முவது, விழுங்கக் கஷ்டம், கண்ணில் சிவப்புப் புள்ளி, கொஞ்ச நேரம் நினைவில்லாமல் போனது, எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். துணையின் கழுத்தை ஒரு முறை நெரித்தவன் பின்னால் கொலை வரை போகும் அபாயம் பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. "லேசாகத்தான் பிடிச்சான்" என்று யாராவது சொன்னால் இனி நான் அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மருத்துவமனைக்குப் போனால் காவல்துறைக்குத் தகவல் போகுமா? சில இடங்களில் மருத்துவமனை சொல்லியே ஆக வேண்டும், சில இடங்களில் நோயாளியின் விருப்பம். இதையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 10, வியாழன்

இரவு பதினொன்றுக்கு மேல் எல்லா எண்களையும் மறுபடி அழைத்தேன். "24 மணி நேரமும்" என்று அச்சிட்டிருந்த ஒன்றில் பதிவு செய்த குரல், அலுவலக நேரத்தில் அழைக்கச் சொன்னது. அதைத் தாளிலிருந்து நீக்கிவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

வெளி அமைப்பு ஒன்றின் காப்பகத்தைப் பற்றிக் கேட்கப் போனேன். காப்பகத்துக்கு இல்லை, அவர்களுடைய அலுவலகத்துக்கு. காப்பகத்தின் முகவரியை யாருக்கும் தருவதில்லை. லண்டனில் 1971இல் எரின் பிட்சி என்ற பெண் சிஸ்விக் பகுதியில் வைத்திருந்த சிறிய வீட்டுக்கு அடிபட்ட பெண்கள் குழந்தைகளோடு வந்து நிறைந்த காலத்திலிருந்து, வந்தவர் எங்கே இருக்கிறார் என்பதைத் துரத்தி வருபவனிடமிருந்து காப்பது இந்த வேலையில் பெரும்பாடு. உறவை முறித்து வெளியேறும் நேரமும் அதை ஒட்டிய நாட்களும்தான் ஆபத்து அதிகமான காலம். "ஏன் இன்னும் அவனோடு இருக்கே?" என்று கேட்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

அவர்கள் முதலில் திட்டம் போட்டுத் தருகிறார்கள்: சான்றிதழ்களின் நகல் யாரிடம், கொஞ்சம் பணம் எங்கே, எந்த வார்த்தையைச் சொன்னால் தோழி புரிந்துகொண்டு ஆள் அனுப்புவாள். கைப்பேசியைப் பற்றியும் சொன்னார்கள். இருக்குமிடம் பகிரப்படுகிறதா, கடவுச்சொல் அவனுக்குத் தெரியுமா என்று பார்க்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் திடீரென்று அணைத்தால் அவன் உஷாராகிவிடுவான். சந்தேகம் இருந்தால் வேறொருவர் கைப்பேசியிலிருந்து அழைப்பதே நல்லது.

வெளியே வரும்போது கூட வந்த இளங்கலைத் தம்பி கேட்டான்: "அக்கா, பசங்களுக்கு நடந்தா எங்க போறது?" அந்தக் காப்பகம் பெண்களுக்கு மட்டும். ஆண்களுக்கும் திருநர்களுக்கும் எங்கே கதவு திறக்கும் என்பதைத் தனியாகத் தேட வேண்டும்.

ஜூலை 16, புதன்

குழுக் கூட்டம். "முதலில் புகார் கொடுங்கள்" என்று பெரிதாகப் போடச் சொன்னார் ஒருவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. புகார் கொடுக்காதவருக்கும் விடுதி அறை மாற்றம் வேண்டும், வகுப்புப் பிரிவு மாற்றம் வேண்டும், தேர்வைத் தள்ளிவைக்க வேண்டும். இதையெல்லாம் புகாருக்கு முன்பே கேட்கலாம் என்று தெரியாததால்தான் பலர் படிப்பையே விட்டுவிட்டுப் போகிறார்கள். புகார் வேண்டுமா என்று அப்புறம், நிதானமாக, சட்டம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து யோசிக்கட்டும்.

பாதுகாப்பு அலுவலகத்தின் சார்பில் வந்தவர், "உண்மையிலேயே நடந்திருந்தா இவ்வளவு அமைதியா வந்து சொல்ல முடியுமா?" என்றார். செவிலியர் ஆன் பர்ஜெஸும் சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ராமும் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு வந்த பெண்களிடம் பேசி 1974இல் வெளியிட்டதை அவருக்குச் சொன்னேன். அழுது நடுங்கியவர்களும் இருந்தார்கள், சலனமே இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள், ஏறக்குறைய சம அளவில். தாக்குதலின்போது உடம்பு உறைந்து, கத்தவோ தள்ளவோ முடியாமல் போவதும் உண்டு. அவர் தலையாட்டினார். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. அந்த அலுவலகத்தினருக்குப் பயிற்சி வேண்டும் என்று கூட்டக் குறிப்பில் எழுத வைத்தேன்.

ஜூலை 23, புதன்

தாள் அச்சாகிவிட்டது. ஒவ்வொரு எண்ணோடும் யார் எடுப்பார்கள், எந்த நேரம், ரகசியம் காப்பார்களா, குறுஞ்செய்தி அனுப்பலாமா, எந்தெந்த மொழியில் பேசுவார்கள் என்று இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்டுவதில்லை. நாலு பேர் பார்க்க நின்று அதை யார் படிப்பார்கள்? கழிப்பறைக் கதவுகளின் உட்பக்கம் ஒட்டுகிறோம், கிழித்து எடுத்துப்போக அடியில் எண் எழுதிய துண்டுகளோடு.

நிர்வாகம் ஒரு வரியை நீக்கச் சொன்னது: "இந்த நிறுவனத்துக்கு வெளியே உதவி கேட்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை." கொஞ்சம் வாதாடினோம். வரி இருக்கிறது, எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள்.

மாதம் பிறந்ததும் எல்லா எண்களையும், பகலில் ஒரு முறை இரவில் ஒரு முறை, அழைத்துப் பார்க்கும் பொறுப்பை இளங்கலைத் தம்பி எடுத்துக்கொண்டான். விளையாட்டுத் துறை அண்ணனிடம் சரியான எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன், பழைய தாளைப் பார்த்து யாராவது அழைத்தால் சொல்ல. ஆண்களுக்கான காப்பகம் ஒன்றிலிருந்து பதில் வர வேண்டியிருக்கிறது. அதற்கான இடத்தைத் தாளில் காலியாக விட்டிருக்கிறேன்.