பன்னிரண்டு மேற்கோள் போதும்: தமிழ்த்தாள் கட்டுரை எழுதப் போகும் வடசென்னை மாணவர்களுக்கு

பொதுத்தேர்வோ, குரூப் 2 தமிழ்த்தாளோ, கட்டுரை என்றதும் கை முதலில் தேடுவது மேற்கோள் தொகுப்பைத்தான். ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு வாங்கிய நூறு பொன்மொழிகளையும் உருப்போட்டவர், தேர்வறையில் நான்கைந்தை அரைகுறையாக எழுதிவிட்டு வருகிறார். பன்னிரண்டு போதும். ஆனால் பன்னிரண்டும் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருக்க வேண்டும். பிடித்த வரியைத்தான் மனசு அசைபோடும். அசைபோட்ட வரியைத்தான் சொந்த வாக்கியத்தில் விளக்க முடியும்.

ஒரு நோட்டில் வரிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே வரி, யார் சொன்னது, எந்த நூல். குறள் என்றால் அதிகாரத்தின் பெயரும் வேண்டும். எண் தெரியாவிட்டால் பரவாயில்லை. அதன் கீழே சொல் சொல்லாகப் பொருள். பிறகு அந்த வரியை ஒருவர் மறுத்தால் என்ன கேட்பார் என்று ஒரு கேள்வி. கடைசியாக உங்கள் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பெரும்பாலானோர் பொருளோடு நின்றுவிடுகிறார்கள். கேள்வியும் எடுத்துக்காட்டும் இல்லாத பக்கம் தேர்வில் உதவாது.

ஒரு குறளை எடுத்துப் பார்ப்போம்.

தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன்
மெய்வருத்தக் கூலி தரும்

619ஆவது குறள், ஆள்வினையுடைமை அதிகாரம். இதை எழுதிவிட்டு ‘முயன்றால் வெற்றி நிச்சயம் என்கிறார் வள்ளுவர்’ என்று அடுத்த வரி எழுதுகிறவர்கள்தான் அதிகம். வள்ளுவர் இங்கே அப்படிச் சொல்லவில்லை. ‘ஆகாதெனினும்’ என்று தோல்விக்கும் இடம் கொடுத்துவிட்டுத்தான் பேசுகிறார். நினைத்தது கைகூடாமல் போகலாம், ஆனால் உடல் வருந்திய அளவுக்குக் கூலி உண்டு என்பதுதான் அவர் தரும் உறுதி. மூன்றாவது முறையாகத் தேர்வு எழுதும் ஒருவருக்கு இதைவிட நேர்மையான ஆறுதல் கிடையாது. முயற்சி செல்வத்தைத் தரும் என்று அடித்துச் சொல்வது அதே அதிகாரத்தின் 616ஆவது குறள், ‘முயற்சி திருவினையாக்கும்’. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

‘கூலி’ என்ற சொல்லை காசிமேட்டிலோ துறைமுகத்திலோ யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மறுப்புக் கேள்வியும் அங்கேயே இருக்கிறது: உழைத்தவனின் கூலியை இன்னொருவன் குறைத்தால் என்ன செய்வது? கட்டுரையில் அது இப்படி வரலாம்:

“முயற்சி பலிக்காவிட்டாலும் வருந்திய உடலுக்குக் கூலி உண்டு என்கிறார் வள்ளுவர். அந்தக் கூலி தானாக வந்து சேராத இடமும் உண்டு. பெரம்பூர் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிற்சங்கத் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் அவர்களோடு நின்றார்கள்.”

மூன்றே வாக்கியம். மேற்கோள், அதன் எல்லை, ஊர், ஆண்டு எல்லாம் உள்ளே வந்துவிட்டன. ‘எனவே நாமும் முயல்வோம்’ என்று கீழே ஒட்டத் தேவையில்லை.

வரியைப் பாதியில் வெட்டுவது அடுத்த பெரிய பிழை. ‘வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்’ என்பதை வேளாண்மைக் கட்டுரையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். வள்ளலார் அடுத்துச் சொல்வது, பசியால் இளைத்து வீடுதோறும் இரந்தும் பசி தீராதவர்களைக் கண்டு உள்ளம் பதைத்ததை. ஏழுகிணறு பகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவரின் வரி இது; பசி, சத்துணவு, மனிதநேயம் பற்றிய கட்டுரையில்தான் அதற்கு முழு வலு.

ஒன்றையொன்று மறுக்கும் மேற்கோள்களை ஒரே கட்டுரையில் வைத்தால், இரண்டையும் இணைக்கும் மூன்றாவது வரி வேண்டும். திருவொற்றியூரில் சமாதி கொண்ட பட்டினத்தாரின் ‘காதற்ற ஊசியும் வாராது’ ஒரு பக்கம். ‘பொருளல்லது இல்லை பொருள்’ என்ற வள்ளுவர் இன்னொரு பக்கம். அப்படியே விட்டால், எழுதியவருக்கே தெளிவில்லை என்று திருத்துபவர் நினைப்பார். ‘திறனறிந்து தீதின்றி வந்த பொருள்’ அறத்தையும் இன்பத்தையும் தரும் என்ற 754ஆவது குறளை இடையில் வையுங்கள். பொருள் தேடலாம், வழி தீதற்றதாக இருக்க வேண்டும், கூட வராது என்ற நினைப்பும் வேண்டும் என்று வாதம் சேர்ந்துவிடும். நேர்மை, ஊழல் ஒழிப்பு போன்ற தலைப்புகளுக்கு இந்த மூன்றும் அப்படியே கைகொடுக்கும்.

யார் சொன்னது என்பதில் சறுக்கும் இடங்கள் சில. ‘யாதும் ஊரே’ குறள் அல்ல, கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டு. ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’ திருமூலருடையது. அண்ணா மேடைதோறும் பரப்பியதால் அவர் பெயரில் எழுதிவிடுகிறார்கள். ‘மெய்ப்பொருள் காண்பது அறிவு’ என்று முடியும் குறள் இரண்டு உண்டு: ‘எத்தன்மைத் தாயினும்’ என்றால் மெய்யுணர்தல், ‘யார்யார்வாய்க் கேட்பினும்’ என்றால் அறிவுடைமை. கலாம் படத்தோடு வாட்ஸ்அப்பில் வரும் வரிகளை, புத்தகத்தில் கண்ணால் பார்க்காதவரை தொட வேண்டாம்.

குறளை எழுதியதும் சீர்களை எண்ணுங்கள். மேலே நான்கு, கீழே மூன்று. குறைந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. சொல் மாறினால் இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்காது; 616ஆவது குறளின் முதல் வரியில் வரும் ‘முயற்றின்மை’யை ‘முயற்சியின்மை’ என்று எழுதினாலும் சீர் நான்குதான். அதற்கு வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது ஒன்றே வழி. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்குவதற்குள் மூன்று குறளை உதடு அசையச் சொல்லிப் பார்த்துவிடலாம். வீட்டில் டிவி சத்தத்தில் உட்கார்ந்து படிப்பதைவிட இது நன்றாக நிற்கும்.

ஒரு கட்டுரைக்கு மூன்று மேற்கோள், மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் போனால் உங்கள் குரல் அமுங்கிவிடும். பள்ளியில் மேற்கோளுக்குத் தனி நிற மை பழகியவர்கள், போட்டித் தேர்வில் ஹால் டிக்கெட்டில் சொன்ன மையை மட்டும் பயன்படுத்துங்கள்; மேற்கோளைத் தனி வரியில் சற்று உள்தள்ளி எழுதினாலே கண்ணில் படும். வரி பாதியில் மறந்துவிட்டால் சொந்தச் சொல்லால் நிரப்பாதீர்கள். ‘ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் இக்கருத்தைச் சொல்கிறார்’ என்று கருத்தை மட்டும் எழுதி, மேற்கோள்குறி போடாமல் நகருங்கள்.

கடைசி வாரம் புதிய வரி எதுவும் சேர்க்க வேண்டாம். பன்னிரண்டையும் நோட்டைப் பார்க்காமல் ஒருமுறை எழுதி, ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். ‘மெய்வருத்தக் கூலி’யில் அந்தக் ‘க்’ விடுபடுகிறதா என்று முதலில் பாருங்கள்.