மூன்றாம் நம்பர் குரூசிபிள்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று லேபில் எனக்கு நிக்கல் வந்தது. எடையறி பகுப்பாய்வு என்றாலே வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு நிக்கல் என்றால் மட்டும் பிடிக்கும். டைமெதில் கிளையாக்சைம் ஊற்றி, அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால், பீக்கர் முழுக்கக் குங்குமம் கரைத்த மாதிரி சிவப்பாக வீழ்படிவு திரளும். பிறகு வடிகட்ட வேண்டும், கழுவ வேண்டும், ஓவனில் உலர்த்த வேண்டும், ஈரம் புகாத டெசிகேட்டர் ஜாடியில் ஆறவைத்து எடை போட வேண்டும். மறுபடி சூடு, மறுபடி எடை. அடுத்தடுத்த இரண்டு எடையும் ஒன்றாக வந்தால்தான் விடுதலை. முதல் எடைக்கே நேரம் போதவில்லை. மணி ஒன்றாகிவிட்டது, மதிய ஷிப்ட் பசங்க வாசலில் நின்றார்கள்.

"டெசிகேட்டர்லயே இருக்கட்டும், நாளைக்குப் போட்டுக்கலாம்" என்றார் மேம். அந்தச் சிவப்பு இருக்கிற சின்னக் கிண்ணம், என்னுடையது மூன்றாம் நம்பர் குரூசிபிள்.

கேட்டருகே நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாளை முதல் கௌரவ விரிவுரையாளர்கள் வகுப்புப் புறக்கணிப்பாம். கொடுத்தவர்களில் எங்களுக்கு பிசிகல் கெமிஸ்ட்ரி எடுக்கிற சாரும் இருந்தார். எல்லோருக்கும் நீட்டியவர் என்னைப் பார்த்ததும் கையைத் தாழ்த்திக்கொண்டார். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

எங்கள் துறையில் பதினொரு பேர். அதில் எட்டுப் பேர் கெஸ்ட், அதாவது கௌரவ விரிவுரையாளர்கள். மீதி மூன்று பேர் மூன்று வருஷத்தையும் எப்படிச் சமாளிப்பார்கள்? எல்லோரையும் செமினார் ஹாலில் உட்காரவைத்து, அட்டெண்டன்ஸ் எடுத்து அனுப்பிவிட்டார்கள். லேப் பூட்டியிருக்கிறது. சாவி அசிஸ்டன்ட் அண்ணனிடம்தான் இருக்கிறது. ஆசிட் இருக்கிற இடம், ஆசிரியர் இல்லாமல் திறக்க முடியாது என்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

லத்தேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் கிடையாது, அதனால் காசு போகவில்லை. காட்பாடி மேம்பாலத்து நெரிசலில் போன நேரத்தை யாரிடம் கேட்பது?

பிப்ரவரி 8, சனி

ஆயா திண்ணையில் உட்கார்ந்தபடி விசாரணை நடத்தினார்.

"இன்னாடி, காலேஜி லீவா?"

"கெஸ்ட் லெக்சரருங்க ஸ்டிரைக் ஆயா."

"கெஸ்டுன்னா?"

"விருந்தாளி."

"அந்த கெமிஸ்ட்ரி மேடம் எத்தினி வருசமா இருக்குது?"

"பன்னண்டு வருசம்."

"பன்னண்டு வருசமா விருந்தாளியா! சோறாவது போட்டாங்களா?"

பிப்ரவரி 10, திங்கள்

நோட்டீஸை இப்போதுதான் முழுசாகப் படித்தேன். தொகுப்பூதியம் மாதம் 25,000 ரூபாய். அதுவும் வருஷத்துக்குப் பதினொரு மாதம்தான், மே மாதம் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019இலேயே ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று சொல்லியிருக்கிறது. அதைக் கேட்கிறார்கள், பணி நிரந்தரம் கேட்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினொரு மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 22,917 வருகிறது. ஐடிஐ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் பார்க்கிற என் அண்ணன், ஓவர்டைமோடு ஏறக்குறைய இதே அளவுதான் வாங்குகிறான். மேம் பிஎச்டி.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன், "அவங்க சண்டை அவங்களுக்கு, நம்ம செமஸ்டர் என்ன ஆவுறது?" என்று போட்டான். இருபது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். நானும்தான். அரைமணி நேரம் கழித்து என்னவோ போலிருந்தது, எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஸ்டிரைக் ஆரம்பித்த அன்று அம்மா, "உக்காந்து படி" என்றார். மூன்றாம் நாள், "இலையாவது வெட்டிக் குடேன்." இப்போது என் பெயருக்கே ஒரு முறம் தனியாக வந்துவிட்டது. பீடி இலை, தூள், நூல் எல்லாம் தயாராக இருக்கிறது. நான் சுருட்டி முனை மடித்தால் அம்மாவுக்குக் கழுத்துவலி கொஞ்சம் குறைகிறது, கண்ணெதிரே பார்க்கிறேன். அப்படி இருக்கும்போது நெர்ன்ஸ்ட் சமன்பாடு இருக்கிறது, விடும்மா என்று எப்படிச் சொல்ல?

யாரும் என்னைப் படிக்காதே என்று சொல்லவில்லை. காலேஜ் இருக்கிற நாளில் காலை ஏழு மணிக்கு நான் பஸ் ஸ்டாப்பில் இருப்பேன், வீட்டுக்கு அது பழகியிருந்தது. இப்போது நான் இருப்பது பழகிக்கொண்டு வருகிறது. அத்தை வந்து, "படிப்பு முடிஞ்சிச்சா? ஒரு எடம் இருக்குது" என்று அம்மாவின் காதில் ஏதோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பையன்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

புதுமைப்பெண் பணம் 1,000 ரூபாய் கணக்கில் ஏறிவிட்டது. பாதி ரெக்கார்டு நோட்டுக்கு, பாதி வீட்டுக்கு.

பிப்ரவரி 17, திங்கள்

என்னோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். காலையில் கம்பெனி பஸ் அவள் ஊருக்கே வந்துவிடுகிறது. "சும்மா ரெண்டு வாரம்தான்டி" என்றாள். மேல்தோல் ஒட்டுகிற இடத்தில் போட்டிருக்கிறார்களாம், பசை வாசம் தலையைச் சுற்றுகிறதாம். "நம்ம லேப் பரவால்ல" என்று சிரித்தாள். அப்புறம் சம்பளத்தை நம்பி அவள் அம்மா சீட்டு சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பெரியப்பா வந்திருந்தார். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காகத் தமிழ்நாட்டில் சுமார் 1,70,000 அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தார்கள் அல்லவா, அதில் அவரும் ஒருவர். டெஸ்மா, அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம். வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை எதுவும் இல்லை என்று ஆகஸ்ட் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்துத்தான் பெரியப்பா திரும்ப உள்ளே போனார். அந்த ஒரு தாளைப் பற்றி இருபது வருஷத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

"எங்களுக்காவது டிஸ்மிஸ் பண்றதுக்கு ஒரு ஆர்டர் அடிக்க வேண்டியிருந்திச்சு. இவங்கள அடுத்த வருசம் கூப்பிடாம வுட்டாலே போதும்" என்றார். இதை நான் யோசித்திருக்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

யூடியூபில் படிக்கப் பார்த்தேன். இந்திக்காரர் ஒருவர் நன்றாகத்தான் நடத்துகிறார், ஆனால் எங்கள் சிலபஸ் இல்லை. நடுவில் எதையோ தட்டப்போய் நைஜீரியா செய்தி ஒன்று வந்தது. அங்கே 2022இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் பிப்ரவரி 14 முதல் அக்டோபர் 14 வரை, எட்டு மாதம் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். எட்டு மாதம்! அங்கேயும் என்னைப் போல ஒருத்தி இருந்திருப்பாள். எட்டு மாதத்தில் எத்தனை அத்தைகள் வந்து போயிருப்பார்களோ.

பிப்ரவரி 28, வெள்ளி

நேற்று மயானக் கொள்ளைத் திருவிழா. பாலாற்றங்கரையில் கால் வைக்க இடமில்லை. காளி வேஷம் கட்டியவர்கள் ஆடிக்கொண்டு வர, தேரிலிருந்து சுண்டலும் கொழுக்கட்டையும் சில்லறையும் பறந்தன. ஆயா சேலை முந்தானையை விரித்துப் பிடித்து ஒரு கத்தரிக்காயைச் சம்பாதித்தார்.

கூட்டத்தில் மேமைப் பார்த்தேன். பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார். நான் ஒதுங்கிப் போகலாமா என்று நினைப்பதற்குள் அவரே கூப்பிட்டார். படிக்கிறியா, வீட்டில் எப்படி இருக்காங்க, இப்படி எதுவும் இல்லை.

"டெசிகேட்டர் மூடிக்கு கிரீஸ் தடவித்தானே மூடின?"

"தடவினேன் மேம்."

"அப்ப சரி."

பையன் பலூன் கேட்டு அழுதான், போய்விட்டார்.

மார்ச் 5, புதன்

ஸ்டிரைக் முடிந்தது. பேச்சுவார்த்தை என்கிறார்கள். கையில் எழுத்தாக எதுவும் வரவில்லை என்றும் சொல்கிறார்கள். சார்கள், மேம்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், முகத்தில் ஜெயித்த களை இல்லை. நாங்களும் கேட்கவில்லை. செய்முறைத் தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. சனிக்கிழமையும் வகுப்பு. மூன்று யூனிட்டை மூன்று நாளில் நடத்துகிறார் பிசிகல் கெமிஸ்ட்ரி சார். பாவம், அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது, எங்களுக்குத் தலையே கட்டிவிட்டது.

என் பெஞ்சில் பக்கத்து இடம் காலி. சனிக்கிழமை மட்டும் லீவு போட்டு வருகிறேன் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறாள்.

மார்ச் 8, சனி

லேப் திறந்தது. டெசிகேட்டருக்குள் நீலமாக இருந்த சிலிகா ஜெல் வெளிர் ரோஸ் நிறத்துக்குப் போயிருந்தது. கிரீஸ் தடவியும் ஈரம் எப்படியோ புகுந்துவிட்டது. என் குரூசிபிள் மட்டும் அப்படியே, உள்ளே அதே சிவப்பு.

"ஒண்ணும் ஆகல. திரும்ப ஓவன்ல வை, நூத்திப்பத்து டிகிரி" என்றார் மேம். ஒரு மணி நேரம். எடை. மறுபடி அரைமணி, மறுபடி எடை. இரண்டு தடவையும் வீழ்படிவு 0.2846 கிராம். வீழ்படிவில் நிக்கலின் பங்கான 0.2032ஆல் பெருக்கினேன், நிக்கல் 0.0578 கிராம். ஷூ கம்பெனிக்காரி வரவில்லை. அவளுடைய ஏழாம் நம்பர் குரூசிபிளையும் சேர்த்து உலர்த்தி, எடையை ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்திருக்கிறேன்.

ரெக்கார்டில் தேதி போடும் இடத்தில் பேனா நின்றது. "மேம், எந்தத் தேதி எழுதறது?"

"பிப்ரவரி அஞ்சு போடு."

"எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்டா?"

"கேக்க மாட்டார். அவரும் கெஸ்ட்தான்."

பிப்ரவரி 5 என்று எழுதினேன். மேம் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.